மேகலா வந்தால் எரியும் விளக்கு

பொன்னுரங்கம் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் அவருடைய வலது கை தானாகவே சுவர்ப் பக்கம் போகும். விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றின் சுவிட்சையும் தடவிப் பார்த்து அணைத்துவிட்டுத்தான் கால் வாசலைத் தாண்டும். அவர் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது சிக்கனத்தால் வந்த பழக்கம் இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பிரஸ் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர் அவர். இரும்புத் தகட்டை அடியில் வைத்தால் மேலேயிருந்து நூறு டன் கனத்தோடு அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டித் தள்ளும் இயந்திரம். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், மெஷினை அணைக்காமல் ஒருவன் டீ குடிக்கப் போய்விட்டான். அதில் குனிந்து தகட்டை எடுத்த பக்கத்து மெஷின் வெள்ளைத்துரைக்கு இரண்டு விரல்கள் போயின. அன்றைக்குப் பட்டறையில் வந்த சட்டம், இடத்தை விட்டு நகர்ந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு நகர வேண்டும் என்பது. பட்டறையில் மற்றவர்கள் அதை மறந்தும் போனார்கள். பொன்னுரங்கத்தின் கை மறக்கவில்லை.

அவர் பத்தாவது தவறியவர். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதி இல்லை. ஆனால் அவர் வெட்டிய தகட்டை யாரும் திருப்பி அனுப்பியது கிடையாது. கடைசிப் பன்னிரண்டு வருஷம் தகடுகளைச் சரிபார்க்கும் மேஜையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நூல் பிசகினாலும் தள்ளிவிடுவார். பட்டறைச் சம்பளத்தில்தான் பதினான்கு வயது இளைய தங்கை மேகலாவைப் படிக்க வைத்தார். அவள் இப்போது தரமணியில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், அடையாறு காந்தி நகரில் வீடு. "என் தங்கச்சி பாடம் எடுத்த பசங்கதான் மெட்ரோ வேலையெல்லாம் பாக்கறானுங்க" என்று காய்கறிக்காரரிடம் கூடச் சொல்வார். அவளுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் தனக்குப் பார்க்கலாம் என்றிருந்தார். அது முடிந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மா போனபோது அவருக்கு ஐம்பத்து ஒன்று.

பிரஸ் அவருடைய விரல்களை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. பட்டறைச் சத்தத்தில் யாரும் யாருக்கும் கேட்கும்படி பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். "டீயா, காபியா", "முதலாளி வர்றாரு" எல்லாம் மூன்று மெஷின் தாண்டி உதட்டிலேயே போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தால், காது எப்போது கேட்பதை நிறுத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. கொரோனா வந்து ஊரே முகக்கவசம் மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. பால் வாங்கப் போனால் கடைக்காரர் முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. பேச்சு இல்லை. அந்த இரண்டு வருஷமும் எல்லோருக்கும் தலையாட்டியே ஓட்டினார்.

யாரிடமும் சொல்லவில்லை. மேகலாவிடம் சொல்லவே இல்லை. தூக்கி வளர்த்தவன் குறைபட்டு நிற்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஆனால் அவள் வாத்தியாரம்மா. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, அவர் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் திரும்பவில்லை. வந்து எதிரே நின்றாள்.

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. பெல் அடிச்சா அரை மணி கழிச்சு வர்ற. காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம், ண்ணா."

"என் காதுக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

"அப்ப வேணும்னேதான் கதவைத் திறக்கறதில்லையா?"

"அப்படியே வெச்சுக்கோ. கஷ்டமா இருந்தா வராத."

சொல்லியிருக்கக் கூடாது.  அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் வரவில்லை.

முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தது அவர் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. தெருவில் படியேறும் இடத்தில் இரும்புக் கேட். அடியில் நிறுத்திய ஒரு பைக் திருடு போனதிலிருந்து கேட்டைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பது அபிராமபுரத்தில் இருக்கும் வீட்டுக்காரரின் கண்டிப்பு. வருகிறவர்கள் கீழே மணியை அழுத்தினால் அவர் சாவியோடு இறங்கி வர வேண்டும். பகல் முழுக்கத் தலைக்கு மேலே, உயரப் பாலத்தில், பறக்கும் ரயில் போய்க்கொண்டிருக்கும். அதன் சத்தம் அவருக்கு இல்லை. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் அதிர்வு மட்டும் தெரியும். சாயங்காலங்களில் ரயில் வரும் நேரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆடி கடைசி ஞாயிறு சாயங்காலம் பால் வாங்க இறங்கியபோது கேட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே எவர்சில்வர் டப்பா. மூடியில் "பொன்னுரங்கம்" என்று பெயர் வெட்டியிருந்தது. மேகலா கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்த பாத்திரங்களில் ஒன்று. திறந்தால் அன்னாசிப்பழம் போட்ட கேசரி, ஆறி இறுகிப் போயிருந்தது.

கேட்டை ஒட்டித் தையல் கடை வைத்திருந்தாள் அஸ்மத்துன்னிசா. கடையின் வாசல் தெருவைப் பார்த்தது. அவளிடம் கேட் சாவி கிடையாது.

"காலையில உங்க தங்கச்சி வந்துச்சுண்ணே. நாலஞ்சு வாட்டி பெல் அடிச்சுச்சு. நீங்க மேலதானே கீறீங்க, நான்தான் சொன்னேன். மேலயே பாத்துகினு ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்பால பையை மாட்டிட்டுப் போய்டுச்சு."

"நான் குளிச்சிகினு இருந்தேன்" என்றார் பொன்னுரங்கம்.

"ஒரு மணி நேரமாவா?" என்றாள் அவள். அவர் டப்பாவை மூடிக்கொண்டு படியேறினார்.

சொன்ன சொல்லை அண்ணன் நிஜமாகவே நடத்திக் காட்டிவிட்டான், மேலே உட்கார்ந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை என்றுதானே அவள் போயிருப்பாள்? இல்லை என்று சொல்ல வேண்டுமானால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று இரவுச் சாப்பாடு அந்தக் கேசரிதான்.

ஆவணி மூன்றாம் வாரம் அம்மாவின் படையல். எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அன்றைக்கு மேகலா வராமல் இருந்ததில்லை. சொல்லிவிட்டு வருகிற வழக்கமும் இல்லை, பகல் பன்னிரண்டரைக்குள் வந்து நிற்பாள். அன்றைக்கும் மணியடித்து, அன்றைக்கும் கேட் திறக்காவிட்டால், அதற்குப் பிறகு அவள் எதற்கு வரப்போகிறாள்? அதற்குள் ஒரு வழி செய்தாக வேண்டும். மூன்று வாரம் இருந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் விஜயராகவன் என்பவருடைய கடைக்குப் போனார். "வீட்ல ஒரு பெரியவர். காது கொஞ்சம் மந்தம். கீழ பெல் அடிச்சா மேல வௌக்கு எரியணும். வயரு இழுக்கக் கூடாது, வீட்டுக்காரர் இப்பதான் பெயின்ட் அடிச்சாரு" என்றார்.

விஜயராகவன் நாலு சாமான்களை எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் பெயர் ஹப், மற்றவற்றை இணைப்பது அதுதான். ஒரு பல்பு, நாணயம் மாதிரி பேட்டரி போட்ட ஒரு பொத்தான், ஒரு பிளக். எல்லாம் ஜிக்பீ என்ற வகை, ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் என்றார். "பொத்தான் மெல்லிசாத்தான் பேசும். ரெண்டு மாடிக்கு எட்டாது. நடுவுல கரன்ட்டுல இந்த பிளக்கை மாட்டினா அது கேட்டு வாங்கி மேல சொல்லிடும்." பொன்னுரங்கத்துக்கு அது உடனே பிடிபட்டது. மெஷினுக்கு மெஷின் உதட்டால் சேதி போன மாதிரிதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் தேதி போட்டார். செல்போனில் வந்த ஆங்கில வார்த்தைகளை எழுத்தெழுத்தாக அதில் எழுதி, அகராதி பார்த்து, எதிரே தமிழில் பொருள் எழுதிக்கொண்டார். ஒரு படி தாண்ட அரை நாள் ஆனது. ஹப்பை இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது பல்பைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டும் ஒரே அலையில் பேசுவதால் ஒன்றின் பேச்சை மற்றது அமுக்குகிறது என்று விஜயராகவன் இரண்டாவது முறை போனபோது சொன்னார். டேப் பிடித்து நாலு அடி தள்ளி வைத்தார். செல்போன் சொன்னபடி பல்பை ஐந்து முறை போட்டுப் போட்டு அணைத்தார். ஆறாவது முறை அது தானே கண் சிமிட்டியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் ஏதோ ஒன்று அவருக்குப் பதில் சொல்லியிருந்தது.

இந்தச் சாதனத்துக்கு ஒரு பெயர் வை என்று செல்போன் கேட்டது. MEKALA என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

பிளக்கை எடுத்துக்கொண்டு தையல் கடைக்கு இறங்கினார்.

"இன்னாண்ணே இது, கேமராவா?"

"கேமரா இல்லம்மா. சேதி சொல்ற பிளக்கு."

"யாருக்கு?"

"மேல கீற வௌக்குக்கு."

"சொன்னா இன்னா பண்ணும்?"

"எரியும்."

அஸ்மத்துன்னிசா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எங்க வூட்டு வௌக்கெல்லாம் யாரும் சொல்லாமயே எரியுதேண்ணே."

ஆனாலும் அயர்ன் பெட்டிக்குப் பின்னாலிருந்த சாக்கெட்டைக் காட்டினாள். கடை சாத்தினாலும் அதை மட்டும் அணைக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள்.

கேட்டில் மணியின் மேலேயே, ஒரே அழுத்தில் இரண்டும் வேலை செய்யும்படி, பொத்தானை ஒட்டியாகிவிட்டது. கீழே அழுத்தினால் மேலே எரிகிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். இருப்பது ஒருவர். அஸ்மத்துன்னிசாவிடம் கேட்கலாம், ஆனால் எதற்கு என்று அவள் கேட்பாள். அதனால், அழுத்தினால் விளக்கு இரண்டு நிமிடம் எரிந்து தானே அணைய வேண்டும் என்று அமைத்தார். கீழே அழுத்திவிட்டு, முப்பத்தெட்டு படிகளையும் இரண்டு நிமிடத்துக்குள் ஏறி, கதவைத் திறந்து, எரிகிறதா என்று பார்ப்பார். நோட்டில் எழுதுவார்: "காலை 9.10, எரியவில்லை. 9.30, எரியவில்லை." முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு மறுபடி இறங்குவார். இது நடந்தது ஒன்பது நாள்.

இடையிடையே செல்போன் சட்டைப் பையில் அதிரும். எடுத்துப் பார்த்தால் "MEKALA ஆஃப்லைன்" என்று இருக்கும். தொடர்பில் இல்லை என்று அகராதி சொன்னது. காலையில் ஒரு தடவை, பால் வாங்கும்போது ஒரு தடவை, கேட்டுக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு தடவை. அதையும் நேரம் போட்டு எழுதினார்.

பல்புப் பெட்டியில் உதவிக்கு ஒரு தொலைபேசி எண் இருந்தது. அவருக்கு அதனால் என்ன பயன்? குளத்தங்கரை ஸ்டாப்பில் பஸ் ஏறி மூன்றாவது முறை கடைக்குப் போய் நோட்டை நீட்டினார். விஜயராகவன் விரல் வைத்து வரிசையாகப் படித்தார். பிறகு கணக்குப் போடும் மேஜையை விட்டு எழுந்து, அவருக்கு நேர் எதிரே, வெளிச்சத்தில் வந்து நின்றார். வாயை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசினார்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுவிட்சை அணைக்கிறீங்களா?"

"அணைக்காம யாராவது வருவாங்களா?"

"சுவிட்சை அணைச்சா பல்புக்கு உயிர் ஏது சார்? எப்பவும் போட்டேதான் இருக்கணும். அது உள்ளுக்குள்ள முழிச்சுக்கிட்டு இருக்கும். கூப்பிட்டா எரியும்."

ஒன்பது நாள் படியேறி இறங்கியதும் வீண். ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் அவரே அதன் கழுத்தைத் திருகிவிட்டு இறங்கியிருக்கிறார். அதைவிட, கடைக்காரர் எதிரே வந்து நின்று உதட்டைக் காட்டிப் பேசியதுதான் அவருக்கு உறைத்தது. காது மந்தமான பெரியவர் யார் என்று விஜயராகவனுக்குத் தெரிந்துவிட்டது. "பெரியவருக்கு இனிமே சிரமம் இருக்காது" என்று மட்டும் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் விஜயராகவன்.

ஹால் சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். முதல் இரண்டு நாள் கை போய் டேப்பில் முட்டித் திரும்பியது. சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டுப் படியிறங்குவது, மெஷின் ஓடும்போது நகர்ந்து வருவது போல இருந்தது. பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்ததும் உண்டு. ஆனால் கீழே அழுத்திவிட்டு மேலே வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டேப் ஒட்டிய அன்றைக்கு மட்டும் ஆறு முறை இறங்கி ஏறினார். ஆறு முறையும் எரிந்தது. அதன் பிறகு அழுத்துவதற்கு யாரும் வரவில்லை. சாப்பிடும்போதும் தட்டை பல்பு தெரிகிற பக்கமாக வைத்துக்கொள்வார்.

படையல் நாள் வந்தது. விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவினார். சுவிட்சு மேலிருந்த டேப் அழுக்கேறிப் பிசுபிசுத்தது. அம்மாவுக்குப் பிடிக்காது என்று உரித்தார். புதிதாக ஒட்டலாம் என்று டேப்பைத் தேடும்போது அடுப்பில் பால் பொங்கியது. ஓடினார்.

வடை, பாயசம், சுரைக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் அவரே செய்தார். கடைசியாக அம்மாவின் இரண்டு ஆசைகள், டீயில் தோய்த்துத் தின்னும் பொறை பிஸ்கட்டும் பன்னீர் சோடாவும். பன்னிரண்டரை ஆனது. பல்பைப் பார்த்தார். ஒரு மணி ஆனது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சந்தில் ஒரு தண்ணீர் கேன் வண்டி மட்டும் நின்றது. அம்மாவை இதற்கு மேல் காக்க வைக்கக் கூடாது என்று, இலை போட்டு, பரிமாறி, படத்துக்கு எதிரே கற்பூரம் காட்டினார்.

கற்பூரம் அணைந்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே குத்துவிளக்கு மட்டும் எரியலாம். ஒரு தாம்பூலம் போட்டு முடிக்கிற நேரம் போனவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அதற்குள் யாரும் திறக்கக் கூடாது. பிறகு மூன்று முறை தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். இது அம்மா அவளுடைய மாமியாருக்குச் செய்த முறை. பொன்னுரங்கம் வெளியே வந்து கதவைச் சாத்தி, மாடிப்படியில் நின்றார். எல்லோரும் என்பது அவர் ஒருவர்தான்.

சட்டைப் பை அதிர்ந்தது. எடுத்தார். MEKALA ஆஃப்லைன்.

குத்துவிளக்கு மட்டும் போதும் என்று டியூப்லைட்டை அணைத்த கை, பழக்கத்தில் சுவிட்ச் பலகை முழுவதையும் தடவி அணைத்துவிட்டிருந்தது. கதவின் கைப்பிடியில் கை வைத்தார். உள்ளே அம்மா. திறந்து, பாதிச் சாப்பாட்டில் அவளை எழுப்பிவிட்டு சுவிட்சைப் போடுவதா? கையை எடுத்தார். சாவியை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கினார்.

கடைசிப் படி கேட்டுக்கு முதுகு காட்டி இருக்கும். அதில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பித் தெருவைப் பார்த்தார். பிறகு, சுவிட்சைத் தொடாமல் செல்போனிலிருந்தே அதை எழுப்ப வழி உண்டா என்று நோட்டில் எழுதியதையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டே திரையை அழுத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

கம்பிக்கு நடுவே ஒரு கை வந்து அவர் தோளைத் தொட்டது.

திரும்பினார். மேகலா. பக்கத்தில் கழுத்தில் அளவு டேப்போடு அஸ்மத்துன்னிசா. மேகலாவின் ஒரு விரல் இன்னும் மணியின் மேலேயே இருந்தது. அவளுடைய முகத்தை அவர் பட்டறை மேஜையில் தகட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். கோபம் இல்லை. அழுது முடித்த முகம்.

"ரெண்டு நிமிஷமா உன் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னு கூப்பிடறேன், ண்ணா" என்றன அவள் உதடுகள். "மணி மேல அடிக்கறது எங்களுக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"சுவிட்சை அணைச்சிட்டேன்மா. பழக்க தோஷம்" என்றார் அவர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்டைத் திறந்தார். 

"தரமணியிலேர்ந்து வண்டியே கெடைக்கல, அதான் லேட்டு. சோடா வாங்கினியா?"

"வாங்கினேன்."

"பாதி நீயே குடிச்சிருப்ப."

"தொடல. அம்மா மேல சத்தியம்."

மேலே போய் மூன்று முறை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். காக்கைக்குச் சோறு வைத்தார்கள். ஒரே இலைக்கு எதிரெதிரே உட்கார்ந்ததுபோல நெருங்கி இருந்து சாப்பிட்டார்கள். அவள் பேசும்போதெல்லாம் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, முகத்தை நிமிர்த்திப் பேசினாள். காது என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. கை கழுவும்போது, "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு" என்றாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. "பாக்கலாம்" என்றார்.

நோட்டைக் காட்டினார். அவள் முதல் பக்கத்திலிருந்து, பிள்ளைகளின் விடைத்தாளைப் படிப்பது போல, ஒரு வரியும் விடாமல் படித்தாள். பல்புக்கு வைத்த பெயர் வந்த பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள்.

நாலரை மணிக்குக் கிளம்பினாள். அவர் கூட இறங்கி, கேட்டைப் பூட்டிக்கொண்டு, மெல்ல ஏறி வந்தார். ஹாலில் இலை எடுத்த இடம் ஈரமாக இருந்தது. டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு சுவிட்சுக்கு எதிரே வந்து நின்றார். சுவிட்சு போட்டபடிதான் இருந்தது. போகும்போது அவள்தான் போட்டிருக்க வேண்டும்.

தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்து ஜன்னலுக்குப் போனார். கீழே, கேட்டில், மேகலா பொத்தானில் விரலை வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஆட்டோ காத்திருந்தது. அவர் ஜன்னல் வழியே விளக்கைச் சுட்டிக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ சந்து திரும்பிவிட்டது. மேலே ரயில் போயிருக்க வேண்டும், கம்பி அதிர்ந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் எரிந்து விளக்கு தானாகவே அணைந்தது. சுவிட்சுப் பக்கம் அவர் கை போகவில்லை.